ஓட்டுக்கும் பலகைக்கும் நடுவில்

டாட்மொர்டன்,
இங்கிலாந்து, 9 அக்டோபர் 2022

அன்புள்ள நெவில் அண்ணாவுக்கு,

இங்கே நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? காதுக்கருவியை மாற்றித் தருவதாகச் சொன்னார்களே, தந்தார்களா? இரண்டு தடவை ஃபோன் போட்டேன். நான் பேசுவது உனக்கு விழவே இல்லை. நீ பாட்டுக்கு "யாரு, யாரு" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாய். நமக்குக் கடிதம்தான் சரி.

பிள்ளை கேரத் போன வாரம் வந்தான். ரயில் ஓட்டுகிறவர்களுக்கு லீவு சேர்ந்துபோய்விடுமாம், கொஞ்ச நாள் இருப்பேன் என்றான். மச்சு அறையை ஒழித்துக் கொடுத்தேன். நீ நியூசிலாந்துக்குக் கப்பல் ஏறும் முன் கடைசிக் கோடையில், நீயும் என் டென்னிஸும் ஓட்டுக்கு அடியில் போட்டீர்களே, அதே அறைதான். டென்னிஸ் போய் எட்டு வருஷம் ஆகிறது. அதன் பிறகு நான் அங்கே ஏறுவதே துணி காயப்போடத்தான். அதனால் அதன் குளிர் எனக்குத் தெரியாமல் போயிற்று. ஹீட்டர் ஓடுகிறவரை சூடு. அணைத்த பத்தாவது நிமிஷம் சாய்வுக் கூரையில் கை வைத்தால் மீன்கடைப் பலகை மாதிரி இருக்கிறது. மூலையில் கறுப்பாகப் பூஞ்சை வேறு.

கைமரங்களுக்கு நடுவில் அன்றைக்கு என்ன வைத்தீர்கள்? அதை எடுத்துவிட்டு இப்போது என்ன வைக்கலாம்? நாற்பது வருஷம் தச்சு வேலை பார்த்தவன் நீ, விவரமாக எழுது. இன்னொன்று. கூரையை நன்றாக அடைத்தால் வெளிச் சத்தமும் குறையுமா? சும்மாதான் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஏணியில் ஏறாதே.

தங்கை,
லோர்னா


டனீடின்,
நியூசிலாந்து, 28 அக்டோபர் 2022

லோர்னாவுக்கு அண்ணன் எழுதுவது,

முழங்கால் மழைக்கு முந்தின நாளே எனக்குச் செய்தி சொல்லிவிடுகிறது. காதுக்கருவி புதுசு. தட்டு விழுந்தால் இடி மாதிரி கேட்கிறது, மனுஷன் பேசினால் மட்டும் கேட்பதில்லை. மற்றபடி குறை ஒன்றுமில்லை.

உன் கேள்விக்கு வருகிறேன். முதலில் ஒரு தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு நாங்கள் வைத்தது கண்ணாடிக் கம்பளி, கண்ணாடி இழையில் செய்த மெத்தை. அதுவும் ஓடு வரைக்கும் திணித்துவிட்டோம். ஓட்டுக்கு அடியில் இரண்டு அங்குலமாவது காற்று ஓட இடம் விட்டிருக்க வேண்டும். எனக்கு அப்போதே தெரியும். டிக்கெட் தேதி நெருங்கிவிட்டது, அவசரம். கம்பளி ஈரம் குடித்துக் கீழே தொங்கியிருக்கும். மேல் பாதி வெறுமையாக இருக்கும். உன் பூஞ்சைக்கு நான்தான் காரணம்.

செய்ய வேண்டியது இது. ஜிப்சம் பலகையைக் கழற்று. பழைய கம்பளியை வெளியே போடு. கைமரத்தின் ஆழத்தை அள. இரண்டு அங்குலம் காற்றுக்கு விட்டு, மீதியில் ஃபோம் பலகையை இறுக்கமாக வெட்டி வை. அதற்குக் கீழே கைமரங்களையும் மூடுகிற மாதிரி இன்னொரு ஃபோம் பலகை. ஒவ்வொரு இணைப்புக்கும் வெள்ளி டேப். ஊசி நுழைகிற சந்துகூட இருக்கக்கூடாது, உள் காற்றின் ஈரம் அந்த வழியாகத்தான் ஏறும். அப்புறம் புது ஜிப்சம். நீ செய்யாதே, ஆள் வை.

சத்தம் என்றால் ஃபோம் உதவாது. அதற்குக் கல் கம்பளி என்று கெட்டியாக, கனமாக ஒன்று வருகிறது. ஆனால் நம் தெருவில் என்ன சத்தம்? ரயில் ஒன்றுதானே. நாம் அதோடு பிறந்து வளர்ந்தவர்கள்.

கேரத்துக்கு என் அன்பைச் சொல். எத்தனை நாள் லீவு?

நெவில்


டாட்மொர்டன்,
16 நவம்பர் 2022

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் கிடைத்தது. நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். இங்கே பதினோரு நாளாக மழை. இஞ்சிக் கேக் செய்தேன். பாதி அப்படியே இருக்கிறது.

பூஞ்சைக்காக வருத்தப்படாதே, முப்பத்தைந்து வருஷம் தாங்கியிருக்கிறது. கல் கம்பளியே போடலாம் என்று பார்க்கிறேன். கொத்தனார் ஒருவர் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, ஏப்ரலுக்கு முன் கை ஒழியாது என்று போய்விட்டார்.

கேரத் நன்றாக இருக்கிறான். சாப்பாடு குறைவு. நிறைய நடக்கிறான். வெளியே இல்லை, அறைக்குள்ளேயே. ஜன்னலிலிருந்து கதவுக்கு ஏழு காலடி, கதவிலிருந்து ஜன்னலுக்கு ஏழு காலடி. நான் சமையலறையில் நின்றால் தலைக்கு மேல் கேட்டுக்கொண்டே இருக்கும். ரயில் வரும்போது மட்டும் நின்றுவிடும். ரயில் போய்ச் சத்தம் தேயும்வரை நிற்கும். பிறகு மறுபடி ஏழு அடி. ஒரு மணி நேரத்துக்கு நான்கு ரயில். நானும் கையில் உருளைக்கிழங்கோடு நின்றுவிடுகிறேன். எதற்கு நிற்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

கல் கம்பளி எத்தனை அங்குலம் வைத்தால் சத்தம் சுத்தமாக நிற்கும்? அதை மட்டும் எழுது.

இந்த மாதத்தில் குளிர் இல்லாத ஊரில் இருக்கிறாய், கொடுத்துவைத்தவன்.

லோர்னா


டனீடின்,
3 டிசம்பர் 2022

லோர்னா,

நலம். இங்கே கோடை தொடங்கிவிட்டது, பட்டாணிக்கொடி இடுப்பு உயரம்.

நீ கேட்டதை மட்டும் எழுதச் சொன்னாய். சுத்தமாக நிற்காது. கூரையில் எத்தனை அங்குலம் வைத்தாலும் ரயில் ஜன்னல் வழியாக வரும், சுவர் வழியாக வரும், கட்டில் கால் வழியாக ஏறி வரும்.

நீ கேட்காததையும் எழுதுகிறேன். ரயில் ஓட்டுகிறவன் ரயில் சத்தத்துக்கு ஏன் நிற்கிறான்? இரண்டு மாதம் லீவு யாருக்குக் கொடுக்கிறார்கள்? எனக்குக் காதுதான் போயிற்று. என்ன நடந்தது?

நெவில்


டாட்மொர்டன்,
19 டிசம்பர் 2022

அண்ணாவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். புத்தாண்டில் உன் முழங்கால் குணமாகட்டும்.

பூஞ்சை மூலையில் பலகை விட்டிருந்த சந்து வழியாகக் கைமரத்தின் ஆழத்தை அளந்தேன். நாலு அங்குலம்.

லோர்னா, கேரத்


டனீடின்,
15 ஜனவரி 2023

லோர்னாவுக்கு,

உன் வாழ்த்து அட்டை கிடைத்தது. அட்டைப்படத்தில் ஒரு குருவி, உள்ளே நாலு அங்குலம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

இங்கே நூலகத்தில் ஒரு பெண் எனக்குக் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்வாள். உங்கள் பக்கத்துச் செய்தித்தாள்களைத் தேடச் சொன்னேன். செப்டம்பர் கடைசியில், வடக்கே மலைப்பக்கம், பண்ணைக்காரர்கள் கடக்கிற ஆளில்லாத கேட் ஒன்றில், நாலு சக்கரப் பைக்கில் போன ஒருவர் ரயிலில் அடிபட்டு இறந்திருக்கிறார். ஓட்டுநர் பெயர் போடவில்லை. அதற்கு அடுத்த வாரம் கேரத் உன் வீட்டுக்கு வந்திருக்கிறான்.

நீ ஓட்டுக்கு அடியில் எதை அடைக்கப் பார்க்கிறாய் என்று இப்போது புரிகிறது. அதற்குக் கம்பளி கிடையாது, லோர்னா. அவனிடம் கேள். நான் கேட்டேன் என்றாவது கேள்.

நீ கோபப்படுவாய். பட்டுக்கொள். ஆனால் பதில் எழுது.

நெவில்


டாட்மொர்டன்,
26 பிப்ரவரி 2023

நெவில் அண்ணாவுக்கு,

கோபம்தான் பட்டேன். உன் கடிதத்தை ரொட்டி டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டேன். யாரோ ஒரு நூலகக்காரி என் பிள்ளையைப் பற்றி உனக்குப் படித்துக்காட்டுகிறாள். அதனால்தான் ஐந்து வாரம் எழுதவில்லை. நீ உடம்புக்கு முடியாமல் கிடந்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. அதை நினைத்துத்தான் இன்றைக்குப் பேனாவை எடுத்தேன். நன்றாக இருக்கிறாயா?

நீ கண்டுபிடித்தது சரிதான். அவன்தான் ஓட்டினான். அவன் மேல் தப்பில்லை என்று விசாரணையில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஜனவரியில் வேலைக்குத் திரும்புவான் என்றார்கள், பிறகு மார்ச் என்றார்கள். டாக்டரிடம் போகிறான், மாத்திரை இருக்கிறது. அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. நானும் கேட்பதில்லை. அவன் சீருடையை மட்டும் தேய்த்துத் தேய்த்து மாட்டிவைக்கிறேன். நீ சொன்னபடி கேட்டுவிடலாம் என்று இரண்டு தடவை படியேறினேன். கதவைத் திறந்ததும் "டீ வேணுமா"ன்னு கேட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

போன செவ்வாய் ஒரு காரியம் செய்தேன். அவன் டாக்டரிடம் போயிருந்தான். வீட்டில் சத்தமே இல்லை. இருப்பே கொள்ளவில்லை எனக்கு. டென்னிஸின் ஆணி பிடுங்கும் சுத்தியலை எடுத்துக்கொண்டு மச்சுக்கு ஏறி, கூரையில் முதல் பலகையைப் பெயர்த்துவிட்டேன். பெயர்த்தது நினைவிருக்கிறது, அடுத்த நிமிஷம் முப்பத்தைந்து வருஷத்துக் குப்பை என் தலையில். கறுத்த கம்பளி, செத்த குளவிக்கூடு, உங்கள் சிகரெட் பெட்டி ஒன்று. நிறுத்தவில்லை. ஏன் ஆள் வரவில்லை, ஏன் ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டும், அதெல்லாம் சேர்ந்துகொண்டது. ஸ்டூல் மேல் நின்று நாலாவது பலகையைப் பெயர்க்கும்போது அவன் அறை வாசலில் நின்றான்.

"அம்மா, கீழ இறங்கு."

நான் இறங்கவில்லை.

"கண்ணுல தூசி போகும். முதல்ல அந்தச் சுத்தியலக் குடு."

கொடுத்தேன். அவன் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஐந்தாவது பலகையைப் பெயர்த்தான். மாலைக்குள் ஒரு பக்கச் சாய்வு முழுக்க எலும்பாக நின்றது. ஓட்டுச் சந்தில் வானம் தெரிந்தது. இப்போது அவன் கீழே சோபாவில் படுக்கிறான். மச்சில் படுக்க அறையே இல்லை.

இனி என்ன செய்வது என்று அவனுக்கே எழுது. நான் இடையில் இல்லை.

லோர்னா


டனீடின்,
13 மார்ச் 2023

அன்புள்ள கேரத்துக்கு மாமா எழுதுவது,

உன் அம்மா சொல்லித்தான் எழுதுகிறேன். நீ நலமா என்று நான் கேட்கப் போவதில்லை, எல்லாரும் கேட்டிருப்பார்கள்.

கைமரங்களைக் கத்தி முனையால் குத்திப் பார். முனை கால் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் மரம் உளுத்திருக்கிறது. அந்த இடத்தில் பக்கவாட்டில் புது மரம் சேர்த்து போல்ட் போடு. காற்று இடைவெளி எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்கப் பலகையின் இரு பக்கமும் ஒரு குச்சி அடித்துக்கொள். சாய்வு முடிந்து குட்டைச் சுவர் தொடங்குகிற இடத்தை விட்டுவிடாதே. குளிர் அங்கேதான் பதுங்கும். நானும் உன் அப்பாவும் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

ஃபோமா, கல் கம்பளியா என்பது உன் விருப்பம். உன் அம்மாவுக்குக் கம்பளிதான் வேண்டுமாம். ஏன் என்று உனக்குத் தெரியும்.

தனியாகக் கூரைப்பலகை தூக்காதே. இரண்டு பேர் வேண்டும்.

லோர்னா, நீயும் படிப்பாய் என்று தெரியும். உடம்பைப் பார்த்துக்கொள்.

நெவில்


டாட்மொர்டன்,
9 ஏப்ரல் 2023

அன்புள்ள அண்ணா,

நலம். கை இரண்டும் தோளிலிருந்து கழன்று விழுகிற மாதிரி இருக்கிறது, எழுத்து கோணலாக வந்தால் பொறுத்துக்கொள்.

கேரத் ஃபோம் பலகைதான் வாங்கி வந்தான். வேனிலிருந்து இறக்கும்போதே எனக்கு ஆத்திரம். இத்தனை மாதம் யாருக்காக இந்தப் பாடு? வாசலிலேயே கேட்டேன், கம்பளிதானே சொன்னேன், சத்தம் உள்ளே வராமல் இருக்கத்தானே இதெல்லாம் என்று. அப்படிச் சொல்லிவிட்டேன் அண்ணா, ஆறு மாதமாகச் சொல்லாததை, நடுத்தெருவில்.

அவன் கோபப்படவில்லை. பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தான்.

"சத்தம் வர்றது கஷ்டம் இல்லம்மா. வந்தா, போயிடும்ல? போற வரைக்கும் கேட்டுட்டு நிப்பேன். போயிடுச்சு, ஒண்ணும் ஆகலன்னு தெரிஞ்சா மூச்சு வரும். காதையே அடைச்சிட்டா, அது போச்சா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மறுமுனையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு மேலே போனேன்.

இரண்டு வாரம் வேலை நடந்தது. உளுத்த கைமரம் ஒன்றுதான். புது மரம் சேர்த்தான். வெட்டுவது அவன், டேப் ஒட்டுவது நான். சந்து விட்டால், "மாமா திட்டுவாரு" என்று திரும்ப ஒட்டச் சொன்னான். ரயில் வந்தால் ரம்பத்தை நிறுத்துவான், போனதும் தொடர்வான். நானும் நிறுத்திக்கொள்வேன்.

போன வியாழன் கூரையில் ஜிப்சம் ஏற்றினோம். எட்டடிப் பலகை. இரண்டு முனையிலும் ஆளுக்கொரு ஸ்டூல். தலைக்கு மேல் நான் இரண்டு கையாலும் தாங்கிப் பிடிக்க வேண்டும், அவன் ஒரு கையால் தாங்கிக்கொண்டு மறு கையில் மெஷினால் ஸ்க்ரூ போட்டு வருவான். நடுப் பலகை. இரண்டு ஸ்க்ரூ ஏறியிருக்கும். ரயில் வந்தது. மெஷின் நின்றது. பலகை எங்கள் கையில். ரயில் போன பிறகும் மெஷின் ஓடவில்லை. பலகையைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தான்.

"அவரு கையக் காட்டினாரும்மா."

பலகையை இன்னும் கொஞ்சம் மேலே அழுத்திப் பிடித்தேன்.

"ஹாரன் அடிச்சேன். அடிச்சிட்டே இருந்தேன். அவரு திரும்பிப் பாத்தாரு. பைக் நின்னு போச்சு போல. கையக் காட்டினாரு. ரோட்டுல கார்க்காரன்கிட்ட 'ஒரு நிமிஷம் இருங்க'ன்னு காட்டுவோமே, அப்படி. நான் நிறுத்திடுவேன்னு நெனச்சிருக்காரு. பிரேக் முழுசாப் போட்டுட்டேன். அது நிக்க முக்கால் கிலோமீட்டர் ஆகும். அவருக்கு அது தெரியல."

கையை இறக்கினால் பலகை அவன் தலையில் விழும். டீ போடுகிறேன் என்று ஓட முடியாது. கண்ணைத் துடைக்க முடியாது. அவன் முகத்தைப் பார்க்கக்கூட முடியாது, தலை பலகைக்கு அண்ணாந்தே இருந்தது. அதனால் கேட்டேன். முழுக்கக் கேட்டேன். அந்த மனிதர் பெயர் அலெக். நாற்பத்தொரு வயது. ரயில் நின்ற பிறகு, ஆள் வரும்வரை கேரத் தன் இருக்கையிலேயே கைவிளக்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தானாம். பட்டப்பகல். எதற்கு அந்த விளக்கை எடுத்தோம் என்று இன்னும் யோசிக்கிறானாம்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் அவன் மெஷினை ஓட்டி நாலு ஸ்க்ரூ போட்டான்.

"இப்ப விடலாம்மா."

விட்டேன். கை கீழே வரவே இல்லை, அவன்தான் ஸ்டூலைவிட்டு இறங்கிவந்து பிடித்து இறக்கிவிட்டான்.

இன்று ஈஸ்டர். விடியற்காலை தெருவில் இறங்கிப் பார்த்தேன். உறைபனி விழுந்திருந்தது. பக்கத்து வீட்டு ஓடுகளில் அது உருகி ஈரமாக இருக்கிறது. எங்கள் ஓட்டில் மட்டும் வெள்ளையாக அப்படியே கிடக்கிறது. உள்ளே இருக்கும் சூடு ஒரு துளி வெளியே போகவில்லை.

அடுத்த மாதம் வேலைக்குத் திரும்பிவிடுவான் என்றுதான் நினைக்கிறேன். உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, அதனால் நன்றி என்று மட்டும் எழுதுகிறேன்.

லோர்னா


டாட்மொர்டன்,
30 ஏப்ரல் 2023

மாமாவுக்கு கேரத் எழுதுவது,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடிதம் எழுதிப் பழக்கமில்லை.

அறை முடிந்தது. உயரம் இரண்டரை அங்குலம் குறைந்துவிட்டதால் ஜன்னலருகில் தலை இடிக்கிறது, இப்போதெல்லாம் குனிந்து போகிறேன். நேற்று வெளியே ஐந்து டிகிரி, உள்ளே ஹீட்டர் இல்லாமல் பதினேழு. குட்டைச் சுவரையும் விடவில்லை.

ஒரு விஷயம் உங்களிடம் சொல்ல வேண்டும். கையில் வேலை இருந்தபோது கால் நடக்கவில்லை. அது முடிந்ததும் மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டேன். முன்னைவிடக் குறைவு, ஆனால் நடக்கிறேன். அப்படி நடக்கும்போது ஒன்று தெளிவாயிற்று. நான் இனி ரயில் ஓட்டப் போவதில்லை. வெள்ளிக்கிழமை மேலதிகாரிக்கு எழுதிப் போட்டுவிட்டேன். அவர் நல்லவர், மறுநாளே ஃபோன் போட்டு, அலுவலகத்தில் நேர அட்டவணை போடுகிற வேலை இருக்கிறது என்றார். யோசிக்கிறேன் என்றேன்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. கதவில் என் சீருடை தொங்குகிறது. ஒவ்வொரு ஞாயிறும் தேய்க்கிறார், நான் போடவே இல்லை என்றாலும். இப்போது கீழே வரவேற்பறைக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறார். மச்சு முடிந்ததும் அவருக்கும் சும்மா இருக்க முடியவில்லை. இந்தக் கடிதத்தை மூடிவிட்டு இறங்கிப்போய்ச் சொல்லப் போகிறேன். எழுதினால் பின்வாங்க மாட்டேன் என்பதற்காகத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள்
கேரத்


டாட்மொர்டன்,
28 மே 2023

அன்புள்ள நெவில் அண்ணாவுக்கு,

இங்கே இரண்டு பேரும் நலம். கேரத் உனக்கு எழுதியதாகச் சொன்னான்.

அவன் வந்து சொன்னபோது நான் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தேன். பிரஷ்ஷை நிறுத்தாமல் "சரி" என்றேன். ரயில் ஓட்டுகிற பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான், உனக்குத் தெரியும். அன்று முழுக்க ஒரே சுவருக்கு மூன்று தடவை பெயின்ட் அடித்தேன். சாயங்காலம் அவன் வந்து, "அம்மா, அது காஞ்சிடுச்சு, விடு" என்றான்.

சீருடையை லீட்ஸ் அலுவலகத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும். தபாலில் அனுப்பலாம் என்றேன். நேரில் கொடுக்கணும் என்றான். பஸ்ஸில் போகலாமா என்றேன். கதவிலிருந்து சீருடையை எடுத்து மடித்துப் பையில் வைத்தான். பிறகு, "ரயில்லயே போலாம். நீ வா" என்றான்.

போன புதன் போனோம். செப்டம்பருக்குப் பிறகு அவன் ரயில் ஏறுவது அதுதான் முதல் தடவை. போகும்போது உட்காரவே இல்லை. கதவருகில் கம்பியைப் பிடித்து நின்றான். ஒவ்வொரு தடவை ஹாரன் அடிக்கும்போதும் அவன் விரல் வெளுத்தது. நான் பார்க்காத மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அலுவலகத்தில் பத்து நிமிஷம்தான். பையைக் கொடுத்தான், கையெழுத்துப் போட்டான், இரண்டு பேர் வந்து கைகுலுக்கினார்கள். வெளியே வந்ததும் ஒரு பெரிய மூச்சு விட்டான்.

திரும்பும்போது உட்கார்ந்தான். என் எதிரில், வண்டி போகிற திசைக்கு முதுகு காட்டி. ஹாலிஃபாக்ஸ் தாண்டும்போது கண் சொருகியது. தலை கண்ணாடியில் சாய்ந்தது. ஹாரன் அடித்தது, அவன் அசையவில்லை. எட்டு மாதமாக அந்தப் பிள்ளை இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கி நான் பார்த்ததில்லை, அண்ணா. வாய் லேசாகத் திறந்திருந்தது.

டாட்மொர்டன் வந்தது. நான் எழுப்பவில்லை. கதவு திறந்தது, மூடியது, நம் வீட்டுக் கூரை ஜன்னலில் போய் மறைந்தது. அப்புறம் அந்த நீளச் சுரங்கம். அதிலும் விழிக்கவில்லை. டிக்கெட் பார்ப்பவர் வந்தார். எங்கள் டிக்கெட் முந்தின ஸ்டேஷனோடு முடிந்துவிட்டது என்று அவருக்குத் தெரியும். பையைத் திறக்கப் போனேன். அவர் கேரத்தைப் பார்த்தார். யாரென்று அடையாளம் தெரிந்தது போலிருந்தது.

"இருக்கட்டும்மா, தூங்கட்டும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மான்செஸ்டரில் வண்டி நின்று, எல்லாரும் இறங்கிப் போன பிறகு அவனே விழித்தான்.

"எங்கம்மா இருக்கோம்?"

சொன்னேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு காலி வண்டியைச் சுற்றிப் பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன்.

"பசிக்குது" என்றான்.

உன் முழங்காலைப் பற்றி எழுது.

தங்கை,
லோர்னா